தலையணையில் அடித்த தாளம்

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். வயது இருபத்துநான்கு. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பாட்டுச் செய்கிறோம். இரண்டு கிற்றார், ஒரு சின்ன கீபோர்ட். போன வருடம் ஐந்து பாட்டுகளைப் போனிலேயே பதிவு செய்து இணையத்தில் போட்டோம். இணைப்பு கீழே இருக்கிறது.

எங்களுக்கு உயிரான குழு நியூயோர்க்கின் ‘த பெயின்ஸ் ஒவ் பீயிங் பியூர் அட் ஹார்ட்’. 2009இல் வந்த அவர்களுடைய முதல் அல்பத்தை எத்தனை தரம் கேட்டிருப்போம் என்று கணக்கில்லை. ஆனால் 2011இல் வந்த இரண்டாவது அல்பம் ‘பிலோங்’ எனக்குப் பெரிய ஏமாற்றம். எல்லாவற்றையும் ஊதிப் பெருப்பித்துவிட்டார்கள். தயாரித்தவர் பெயர் ஃபிளட். வெள்ளம் என்று பெயர் வைத்தவர் கையில் கொடுத்தால் மூழ்கத்தானே செய்யும்? முதலாவதில் இருந்த நேர்மை இதில் இல்லை. அமெரிக்கப் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீன் ‘நெப்ராஸ்கா’ அல்பத்தை வீட்டிலிருந்து கசற்றில் பதிந்து அப்படியே வெளியிட்டாரே, அந்தத் துணிவு இவர்களுக்கு ஏன் வரவில்லை?

இப்போது எங்கள் இரண்டாவது தொகுப்புக்கு வந்திருக்கிறோம். கிண்ணியாவில் இருந்து ஒரு நண்பர் ட்ரம்ஸ் அடிக்க வருகிறேன் என்கிறார். பேஸ் கிற்றாரும் வேண்டும் என்கிறார்கள் மற்ற இருவரும். எனக்குப் பயமாக இருக்கிறது. தமிழ் மென்மையான மொழி, இவ்வளவு சத்தத்தை அது தாங்குமா? சேர்ப்பதா, விடுவதா? நல்ல ஹெட்போன் ஒன்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
க.

*

அன்புள்ள க.,

ஹெட்போன் கேள்வியை மத்திய வீதியில் ஏதாவது கடையில் கேளுங்கள். என்னிடம் வேண்டாம்.

பாட்டுகளைக் கேட்டேன். மூன்றாவது நன்றாக இருக்கிறது. அதில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கிற்றார் ஒரு கணம் தயங்கி நின்று பிறகு போகிறதே, அது வேண்டுமென்றே செய்ததோ விரல் தவறியதோ, அதை அப்படியே விடுங்கள். நான்காவது பாட்டின் வரிகளில் நிலா, மழை, ஜன்னல் மூன்றும் வருகின்றன. இரண்டையாவது சினிமாக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் அந்த வெள்ளப் பகிடி இல்லாவிட்டால் இவ்வளவோடு தனியாகப் பதில் அனுப்பி முடித்திருப்பேன். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஏனென்றால் இதே சொல்லை வைத்து, இதே மாதிரி ஒரு இரண்டாவது அல்பத்தைப் பற்றி, 2003இல் நானும் எழுதியிருக்கிறேன். எழுதியபோது என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கும் உங்களைப்போலப் பெரிய சந்தோசம். போன கிழமை அலுமாரி ஒதுக்கும்போது அந்தக் கசற் கையில் அகப்பட்டது. அதிலிருந்து மனது அங்கேயேதான் கிடந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம்.

அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த வெள்ளைக்காரருக்குக் கொஞ்சம் நியாயம் செய்துவிடுவோம். ஃபிளட்டின் இயற்பெயர் மார்க் எலிஸ். லண்டன் ஸ்ரூடியோ ஒன்றில் எடுபிடியாக நின்ற காலத்தில், கேட்டவருக்கெல்லாம் ஓயாமல் தேநீர் கொண்டுவந்து கொடுத்ததால் அவருக்கு ‘வெள்ளம்’ என்று பெயர் விழுந்ததாம். அசையாமல் இருந்த மற்ற எடுபிடிக்கு ‘வறட்சி’ என்று வைத்தார்களாம். அப்படித்தான் கதை. ஆக, உங்கள் பகிடிக்கு அடிப்படையே இல்லை. அந்தப் பெயர் சத்தத்தால் வந்ததில்லை, தேத்தண்ணியால் வந்தது.

அவரும், ‘பிலோங்’கை மிக்ஸ் செய்த அலன் மோல்டரும் 1995இல் ஸ்மாஷிங் பம்கின்ஸ் குழுவின் அந்தப் பெரிய இரட்டை அல்பத்தில் ஒன்றாக வேலை செய்தவர்கள். மோல்டர் அதற்கும் முன்பு, 1991இல் வந்த மை பிளடி வலன்டைன் குழுவின் ‘லவ்லெஸ்’ பதிவில் இருந்தவர். உங்கள் நியூயோர்க் பிள்ளைகள் முதல் அல்பத்தில் எந்தக் கிற்றார் இரைச்சலின் சாயலில் வாசித்தார்களோ, அந்த இரைச்சல் உண்டான அறையிலேயே நின்ற ஆள். யாரோ அந்நியன் வந்து அவர்களைக் கெடுக்கவில்லை. தாங்கள் தூரத்திலிருந்து ஆசைப்பட்ட வீட்டுக்கு நேரே போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். பெரிய கம்பனிக்கு விலைபோனார்கள் என்றும் சொல்ல முடியாது. முதல் அல்பத்தை வெளியிட்ட ஸ்லம்பர்லாண்ட் என்ற அதே சிறு நிறுவனத்தின் பெயர்தான் இரண்டாவதிலும் இருக்கிறது.

அல்பத்தின் பெயரில் உள்ள முதல் பாட்டை இன்னொரு தரம் கேளுங்கள். தொடக்கத்தில் ஒரு கிற்றார் தனியாக, சுத்தமாக வருகிறது. அப்பாடா, பழைய ஆட்கள்தான் என்று நாம் சாய்ந்துகொள்கிறோம். உடனே கதவை உதைத்துத் திறந்தது மாதிரி மற்றக் கிற்றார்கள் எல்லாம் உள்ளே வந்து விழுகின்றன. சரி. அந்த அமளிக்குள் பாடுகிற கிப் பேர்மனின் குரலைக் கவனித்தீர்களா? அது உயரவில்லை. முதல் அல்பத்தில் எப்படிக் கூச்சத்தோடு பாடினாரோ அதே கூச்சம். முன்பு குரலும் கிற்றாரும் ஒரே பனிமூட்டத்துக்குள் நின்றன, எது எங்கே என்று தெரியாது. இப்போது பனி விலகிவிட்டது. கூச்சக்காரர் பெரிய மண்டபத்தின் நடுவில் தனியாக நிற்பது தெரிகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது. சில பாட்டுகளில் மினுக்கம் கூடித் திகட்டுகிறது என்பதையும் மறைக்கவில்லை.

இதில் நீங்கள் எழுதாத ஒரு விசயம் இருக்கிறது. எதில் கேட்டீர்கள்? ஹெட்போன் கேட்பதைப் பார்த்தால் போன் ஸ்பீக்கரில் என்று ஊகிக்கிறேன். கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்த ஸ்பீக்கருக்கு அடித்தொனி வராது. பேஸ் கிற்றாரும் உதைட்ரம்மும் எங்கே அமர்ந்திருக்கின்றனவோ அந்தத் தளமே உங்களுக்குக் கேட்டிருக்காது. நடுத்தொனியில் அடுக்கிய கிற்றார்கள் மட்டும் சந்தை நெரிசல் மாதிரி வந்து முகத்தில் மோதியிருக்கும். ஒரே கிற்றார் வரியை இரண்டு தரம் வாசித்துப் பதிந்து, ஒன்றை இடக்காதுக்கும் மற்றதை வலக்காதுக்கும் விடுவார்கள். இரண்டு தரமும் மனிதக் கை அச்சொட்டாக ஒரே மாதிரி வாசிக்காது அல்லவா, அந்த மயிரிழை வித்தியாசத்தில்தான் ஒலிக்கு அகலம் வருகிறது. ஒரு சின்ன ஓட்டைக்குள்ளால் அதைக் கேட்டால் அகலம் எங்கே இருக்கும்? வள்ளத்தைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டு ஓடவில்லை என்று குறை சொன்ன கதை.

‘நெப்ராஸ்கா’வை எதற்கு இழுத்தீர்கள்? எல்லாரும் இழுக்கிறார்கள் என்பதாலா? 1982இல் ஸ்பிரிங்ஸ்டீன் ரியாக் கம்பனியின் நாலு தடக் கசற் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டில் பதிந்தது உண்மை. பிறகு தன் குழுவோடு ஸ்ரூடியோவில் முயன்று பார்த்துச் சரிவராமல் கசற்றையே வெளியிட்டதும் உண்மை. ஆனால் அவர் அதற்கு முன் ஐந்து அல்பம் போட்டவர். பெரிய ஸ்ரூடியோவும் பெரிய குழுவும் ஒரு சொல்லுக்குக் காத்துக்கொண்டு நின்றன. எல்லாம் உள்ளவர் ஒரு நாள் கஞ்சி குடிப்பதும் கஞ்சியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் குடிப்பதும் ஒன்றா? இன்னொன்று. அதே கசற் காலத்தில் ஒற்றைக் கிற்றாரோடு அவர் பதிந்து வைத்த ஒரு பாட்டுத்தான் 1984இல் ‘போர்ன் இன் த யூஎஸ்ஏ’ என்று ட்ரம்ஸ் இடியோடு வந்தது. அதே ஆள், அதே மேசை. ஒரு பாட்டை அடக்கி வைத்தார், மற்றதைக் கட்டவிழ்த்து விட்டார். இதில் எது துணிவு?

தமிழ் மென்மையான மொழி என்ற பேச்சை யாரிடம் கற்றீர்கள்? பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் தவிலுக்குப் பக்கத்தில் நின்றதில்லையா? தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த நாட்டில் இருந்துகொண்டு சொல்கிற பேச்சா இது? நம் கோணமலை மேல் சம்பந்தர் பாடிய பதிகமே சிலம்பொலியில் தொடங்கி அதே பாட்டுக்குள் ‘குரைகடல்’ என்று போய் முடிகிறது. கால்ச்சிலம்பும் வேண்டும், கடலின் இரைச்சலும் வேண்டும் அவருக்கு. அதுவும் இந்தப் பக்கம் வராமலேயே, இராமேசுவரத்தில் நின்று பாடினார் என்கிறது பெரியபுராணம். இனி, கிற்றாரும் தமிழும் ஒட்டுமா என்பது அரை நூற்றாண்டுக்கு முன்னமே நம் ஊர் பரமேஷ் – கோணேஸ் சகோதரர்கள் பொப் பாட்டுப் பாடித் தீர்த்துவிட்ட விசயம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் எழும்பி நின்று பாடிக் காட்டுவார்கள்.

இவையெல்லாம் சில்லறை. என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தில் உள்ள ஒரே ஒரு சொல். நேர்மை.

1999. உவர்மலையில் ஒரு வீடு. நாலு பேர், எல்லாருக்கும் இருபத்தைந்துக்குக் கிட்ட வயது. கோயில் திருவிழாக்களில் சினிமாப் பாட்டு வாசிக்கிற கோஷ்டி ஒன்றில் இருந்தவர்கள். அது அலுத்துத் தாங்களே எழுதி, தாங்களே மெட்டுப் போட்டுப் பாடத் தொடங்கினார்கள். ஒருவர் பாடுவார், இரண்டு பேர் கிற்றார், ஒருவர் தாளம். நான் ஐந்தாவது. எனக்கு ஒரு வாத்தியமும் வராது. பிளேன்ரீ போட்டுக் கொடுப்பது என் வேலை. (ஆக, ஃபிளட்டும் நானும் ஒரே இடத்தில் தொடங்கியவர்கள்.)

யாரோ ஒரு மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரேப் ரெக்கோடர். மைக் அதற்குள்ளேயே இருக்கிறது. அதை மேசை நடுவில் வைத்துவிட்டு நாலு பேரும் சுற்றி இருப்பார்கள். பாடுகிறவர் மேசையில் நாடி முட்டுகிற அளவுக்குக் கிட்ட. மற்றவர்கள் அவரவர் சத்தத்துக்கு ஏற்பக் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். கிற்றார் ஒலி கூடிவிட்டால் குறைப்பதற்குப் பொத்தான் இல்லை, கதிரைதான். யன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். ஃபான் போட்டால் இரைச்சல் பதிந்துவிடும் என்று அதையும் நிறுத்துவோம். திருகோணமலை வெக்கையில், பூட்டிய அறைக்குள், இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, ஐந்து ஆண்கள். வியர்வை கிற்றாரில் சொட்டும்.

தாளக்காரரிடம் கோஷ்டியின் ட்ரம்ஸ் செட் இருந்தது. அதை அந்த வீட்டுக்கு ஒருநாளும் கொண்டுவரவில்லை. ஒரு இலவம்பஞ்சுத் தலையணையை மடியில் வைத்துக் கையால் அடிப்பார். தீப்பெட்டிக்குள் கொஞ்சம் அரிசி போட்டு மற்றக் கையில் குலுக்குவார். அவ்வளவுதான் தாளம்.

ஒன்பது பாட்டு. ரெக்கோடிங் பார் என்கிற கசற் பதியும் கடையில் கொடுத்து நூறு பிரதி எடுத்தார்கள். ஊரில் அது கைமாறிக் கைமாறிப் போனது. நானும் எனக்கென்று ஒரு பிரதி வைத்து, யாரும் மேலே வேறு ஏதாவது பதிந்துவிடக் கூடாது என்று கசற்றின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னப் பல்லையும் பேனை முனையால் உடைத்துவிட்டேன். உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்தப் பல் உடைந்தால் இயந்திரத்தில் பதிவுப் பொத்தான் அமராது. பாதுகாக்க விரும்புகிறதை உடைப்பது அந்தக் காலத்து வழக்கம்.

2002 பெப்ரவரியில் யுத்த நிறுத்தம் வந்தது. அடுத்த வருடம் கிற்றார்காரர் ஒருவரின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப, நாலு பேரும் ஹபரணை வழியாக இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனார்கள். வெள்ளவத்தையில் ஒரு ஸ்ரூடியோவில் ஆறு நாள். உண்மையான ட்ரம்ஸ், பேஸ், இரண்டு வயலின், கோரஸ் பாட மூன்று பேர். திரும்பி வந்து கசற்றை என் கையில் தந்தபோது அந்த முகங்களில் இருந்த வெளிச்சத்தை நான் கவனித்தேன். கவனித்தும் என்ன பிரயோசனம்.

அப்போது நான் போட்டோக்கொப்பி எடுத்து விடுகிற எட்டுப் பக்கச் சஞ்சிகை ஒன்றின் ஆசிரியர். அதில் இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். ‘உவர்மலையின் மௌனத்தைக் கொழும்பு வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது’ என்று தொடங்கும். முதல் கசற்றில் குரல் ரகசியம் சொல்வது மாதிரி இருந்தது, அந்த மென்மை போய்விட்டது என்று எழுதினேன். இதயத்துடிப்பு மாதிரி இருந்த தாளம் இப்போது தகரம் மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். பழைய கசற்றின் ஐந்தாவது பாட்டில் நடுவில் எல்லாம் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுப் பிறகு தொடரும். அந்த நிறுத்தத்தைப் பற்றி மட்டும் ஒரு பந்தி. ‘மௌனத்தை வாசிக்கத் தெரிந்த கலைஞர்கள்.’ உங்கள் சொல்லையும் எழுதினேன், தம்பி. நேர்மை. நான் அதில் ‘ஏழ்மையின் நேர்மை’ என்று வேறு எழுதிவைத்தேன்.

அந்தக் கசற் விற்கவில்லை. என் கட்டுரையால்தான் என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய ஆளில்லை. ஆனால் ஒரு கடைக்காரர் என் சஞ்சிகையைக் காட்டித்தான் மிச்சப் பிரதிகளைத் திருப்பிக் கொடுத்தார். குழு அதற்குப் பிறகு கூடவில்லை. தாளக்காரர் கனடாவுக்குப் போய்விட்டார். பாடியவர் ஊரிலேயே இருந்தார். என்னைக் கண்டால் சிரிப்பார், நின்று கதைக்க மாட்டார்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம் கழித்து, டச் பே கடற்கரையில் ஒரு பின்னேரம் அவரைக் கண்டேன். மகனுக்குப் பட்டம் ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நின்றார். கடலை வாங்கி எனக்கும் தந்தார். அது இது கதைத்துவிட்டு, கோபமில்லாமல், பட்டத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

“நீ மென்மை மென்மை எண்டு எழுதினாய். அது மென்மையில்லையடா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப்படாது எண்டு பாடினது.”

நான் ஒன்றும் சொல்லவில்லை.

“ட்ரம்ஸ் அடிச்சா றோட்டில போறவன் உள்ளுக்கு வருவான். ராத்திரியில இத்தனை பெடியள் ஒரு அறைக்குள்ள என்ன செய்யிறியள் எண்டு கேப்பான். பாட்டுப் பாடுறம் எண்டா நம்புவானே? தலையணையெண்டா வெளியில கேக்காது.”

ஐந்தாவது பாட்டு? நாய் குரைத்ததால் நிறுத்தினார்களாம். உவர்மலையில் இரவில் நாய்கள் வரிசையாகக் குரைத்துக்கொண்டு வந்தால் ரோந்து வருகிறது என்று அர்த்தம். இந்த முறை ஒற்றை நாய்தான், வெறும் பூனைக்குக் குரைத்திருக்கிறது. அதனால் தொடர்ந்து பாடினார்கள். காசு கொடுத்து வாங்கிய கசற், திரும்பவும் தொடக்கத்திலிருந்து பதிய மனமில்லை.

இதில் மோசமான பகுதி எது தெரியுமா? இது எனக்குப் புதுச் செய்தியே இல்லை. நானும் அந்த அறைக்குள் இருந்தேன். நாய் குரைத்தபோது என் கையில் இருந்த கோப்பையும் நின்றது. சுற்றிவளைப்பு என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யன்னல்கள் எதற்காகச் சாத்தியிருந்தன என்று தெரியும். தெரிந்திருந்தும், நாலு வருடம் கழித்துப் பேனையை எடுத்தபோது அந்தப் பயத்தை எடுத்து ‘அழகியல்’ என்று பெயர் போட்டு வைத்தேன். கேட்பவனுக்கு இருக்கிற வசதி அது. பாடியவர்களுக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் ஒளித்துப் பாடியது எனக்கு அழகாக இருக்கிறது, அதனால் வாழ்நாள் முழுக்க ஒளித்தே பாடுங்கள் என்று நான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கொழும்பில் என்ன நடந்தது என்பதையும் அன்றைக்குத்தான் சொன்னார். முதல் இரண்டு நாளும் அவரால் பாட முடியவில்லையாம். குரல் எழும்பவில்லை. ஒலிப்பதிவு செய்த எஞ்சினியர் ஒரு சிங்களவர். அரைகுறைத் தமிழில் “சத்தமாப் பாடுங்க, சத்தமாப் பாடுங்க” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார். இவர் வாயைத் திறந்தால் அதே உவர்மலைக் குரல்தான் வருகிறது. தொண்டை அப்படியே பழகிவிட்டது. மூன்றாம் நாள் மத்தியானம் எஞ்சினியர் பொறுமை போய், இவரை வெளியே கூட்டிவந்து நிறுத்திவிட்டு, மைக்கை நிறுத்தி, தான் பாடும் அறைக்குள் போய் அந்தத் தடித்த கதவைச் சாத்திக்கொண்டாராம். கண்ணாடியில் அவர் வாய் பெரிதாகத் திறந்து மூடுவது தெரிகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. ஒரு சத்தம் வெளியே வரவில்லை. பிறகு கதவைத் திறந்துகொண்டு வந்து, “பாத்தீங்களா? ஒண்டும் கேக்காது. இப்ப நீங்க” என்றாராம்.

“உள்ளுக்குப் போனன். முதல்ல பாட்டில்லை. சும்மா கத்தினன்” என்றார். “ஒரு அஞ்சு நிமிசம் இருக்கும். அதுக்குப் பிறகு பாடினன்.”

பட்டம் அந்த நேரம் கோட்டைப் பக்கமாக இழுத்துக்கொண்டு போக, மகன் கூப்பிட, அவர் ஓடிவிட்டார்.

க., நீங்கள் ‘ஊதிப் பெருப்பித்துவிட்டார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். நியூயோர்க்கில் இருந்தவர்களுக்கு நம் ஊர்ப் பயம் ஒன்றும் இல்லை, அது எனக்கும் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கவில்லை. அவர்கள் முதல் அல்பத்தை அப்படிச் செய்தது ரசனையாலும் இருக்கலாம், கையில் இருந்த காசாலும் இருக்கலாம். நான் கேட்பது வேறு. ஒரு பதிவு சிறியதாக இருப்பதைப் பார்த்தவுடன் அதற்குள் நேர்மை இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிகிறது? பெரிய ஒலியைக் கேட்டவுடன் பொய் என்று எப்படித் தெரிகிறது? ஒலியின் பருமனை வைத்து ஆளின் மனதை அளக்கிற தராசு எந்தக் கடையில் விற்கிறது? இருபது வருடத்துக்கு முன் என்னிடம் ஒன்று இருந்தது. அது பிழையான தராசு. அதனால்தான் இவ்வளவு கோபமாகக் கேட்கிறேன், உங்களில் கோபமில்லை.

கிண்ணியா நண்பர் விசயம். எங்கள் காலத்தில் என்றால் அவர் ட்ரம்ஸ் செட்டைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றிக் கடல் கடந்து, சோதனைச் சாவடியில் ஒவ்வொரு உறையையும் கழற்றிக் காட்டி, பொழுதுபடமுன் திரும்பிப் போக வேண்டும். 2009இல் பாலம் வந்தது. இப்போது ஓட்டோவில் போட்டுக்கொண்டு பாட்டுப் பாடியபடி வரலாம். வரட்டும். ஒரு நாள் முழுக்க அடிக்க விடுங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்துங்கள். ஒரேயொரு தொழில் விசயம்: பேஸ் கிற்றாரும் உதைட்ரம்மும் ஒரே இடத்துக்குச் சண்டை பிடிக்கும். இரண்டையும் ஒருங்கே கூட்டினால் இரண்டும் கேட்காது. யார் கீழே இருப்பது, யார் கொஞ்சம் மேலே இருப்பது என்று முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பயமாக இருக்கிறது என்றீர்கள். வீட்டுக்காரர் ஏசுவார் என்ற பயமென்றால் அது நியாயமான பயம், அதற்குப் பகலில் அடிக்கலாம்.

அலுமாரியில் அகப்பட்டது என்று சொன்னேனே, அது இரண்டாவது கசற். முதலாவது எப்போதும் மேசை லாச்சியில்தான் இருக்கும். இரண்டாவதின் பல்லை நான் உடைக்கவில்லை. உடைக்கத் தோன்றவில்லை. வீட்டில் ஒரு கசற் பல்லோடு கிடந்தால் என்ன நடக்கும்? தங்கச்சி எடுத்து எஃப்எம்மில் வந்த நேயர் விருப்பத்தை அதன்மேல் பதிந்திருக்கிறாள். ஏ பக்கம் முழுக்கச் சினிமாப் பாட்டு, நடுநடுவே அறிவிப்பாளரின் வணக்கம். பி பக்கமும் அப்படியே. ஆனால் அவளுடைய பாட்டு முடிந்து ஒரு ‘டக்’ என்ற சத்தம், அதற்குப் பிறகு கசற் தீர இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது. அந்த நாற்பது விநாடி அவர்களுடையது. கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதி. ட்ரம்ஸ் உருண்டு வருகிறது, வயலின்கள் மேலே ஏறுகின்றன, அவர் தொண்டையைத் திறந்து ஒரே சொல்லை நாலு தரம் இழுக்கிறார். நாலாவது தரத்தின் நடுவில் ரேப் முடிந்துவிடுகிறது.

போன கிழமை மட்டும் பதினைந்து தரம் கேட்டிருப்பேன். இயந்திரத்தில் பெல்ட் இளகிவிட்டது, ஓட்டம் மெதுவாகிக் குரல் இன்னும் கனமாகக் கேட்கிறது. அவருடைய உண்மையான குரல் எது என்று அதில் சரியாகப் பிடிபடவில்லை. உங்கள் பக்கம் பழைய ரேடியோ திருத்துகிறவர் யாராவது இருந்தால், விரலில் மாட்டுகிற அளவில் ஒரு சின்ன ரப்பர் பெல்ட் வாங்கிக்கொண்டு உவர்மலைக்கு வாருங்கள். ட்ரம்ஸ் அடிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பிளேன்ரீ நான் போடுகிறேன்.

அன்புடன்.